மூன்று முழம் குறைந்த சுவர்

எங்கள் வீட்டு மாடியில் மேற்குப் பக்கம் மூன்று முழத்துக்குக் கைப்பிடிச்சுவர் இல்லாமல் இருந்தது. ஆறு வருஷம் அப்படியே இருந்தது. கட்டத் தெரியாமல் இல்லை. என் வீட்டுக்காரர் எல்பால் கொத்தனார். இந்த ஊரில் பாதி வீடுகளுக்குக் கைப்பிடிச்சுவர் வைத்தவரே அவர்தான். கல் கிடைக்காமலும் இல்லை. எங்கள் பென்யமீன் மேட்டில் மண்ணைவிடக் கல்தான் அதிகம்.

கட்ட விடாதவள் நான். அதற்குக் காரணம் ராஜா.

எங்கள் ராஜா ஆசா எருசலேமில் இருக்கிறார். வடக்கே இருக்கிற ராஜா பாஷா. இரண்டு பேர் ஜனங்களும் ஒரே தகப்பன் வழி வந்தவர்கள்தான். அதனால்தான் சண்டை ஓய்வதே இல்லை. பங்காளிச் சண்டைக்கு என்றைக்கு முடிவு வந்திருக்கிறது? இரண்டு நாட்டுக்கும் நடு எல்லையில் எங்கள் ஊர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. வடக்கத்தியான் வந்தால் ஆட்டைப் பிடிப்பான், நம் ராஜா வந்தால் ஆளைப் பிடிப்பார்.

ஆனால் ஆளைப் பிடிப்பதற்கும் எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. புதுமாப்பிள்ளையை ஒரு வருஷம் போருக்குக் கூப்பிடக்கூடாது. புது வீடு கட்டி இன்னும் கிடா வெட்டி ஊருக்குச் சோறு போட்டுப் பிரதிஷ்டை பண்ணாதவனையும் கூப்பிடக்கூடாது. அவன் போரில் செத்து, வேறொருவன் வந்து அந்த வீட்டில் முதல் ரொட்டியைப் பிட்டுவிட்டால், அதைவிடப் பெரிய சாபம் எங்களுக்குக் கிடையாது. மாடிக்குக் கைப்பிடிச்சுவர் முழுசாக வைக்காத வீடு முடிந்த வீடு ஆகாது என்பதும் சட்டம். முடியாத வீட்டை எப்படிப் பிரதிஷ்டை பண்ணுவது?

இதை நானே கண்டுபிடித்தேன் என்று பெருமைப்பட மாட்டேன். பட்டுத் தெரிந்துகொண்டேன். என் முதல் புருஷன் சாபாத் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிற ஆள். சுவரை ஒழுங்காக முடித்தார், கிடா வெட்டினார், ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டார். பத்தாம் நாள் போருக்கு ஆள் கூப்பிட்டுக் கொம்பு ஊதினார்கள். மிக்மாஸ் பள்ளத்தாக்கில் அவரைப் புதைத்த இடம்கூட எனக்குத் தெரியாது. இரண்டு வருஷம் கழித்து எல்பால், பாராவைக் கொடுங்கள் என்று என்னைப் பெண் கேட்டு வந்தபோது நான் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன்.

"வீட்டைக் கட்டுங்க. ஆனா முடிக்காதீங்க."

அவர், "கொத்தனாருக்கு இதைவிட அவமானம் வேற இல்ல பாரா," என்றார். பிறகு சரி என்றார். அவ்வளவு பிரியம் என்மேல்.

அதற்குப் பிறகு நாலு தடவை கொம்பு ஊதினார்கள். ஒவ்வொரு தடவையும் ஆள் சேர்க்கிற அதிகாரி அக்போர் வந்து களத்தில் ஆம்பிளைகளை வரிசையாக நிறுத்துவார். "புது வீடு கட்டி இன்னும் பிரதிஷ்டை பண்ணாதவன் எவன் இருக்கான்?" என்று கேட்பார். ஊரே என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்க்கும். எதிர்வீட்டு சிம்ராத் சும்மா இருக்க மாட்டான்.

"போ மச்சான், உன்னைத்தான் கூப்புடுறாங்க. வருஷக்கணக்கா புது வீடு! உன் வீடு கெழவி ஆயிட்டாலும் குமரிதான்."

எல்லாரும் சிரிப்பார்கள். என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வரிசையைவிட்டு வெளியே வருவார். சிம்ராத் சிரித்துக்கொண்டே போவான். இரண்டாம் தடவை போனபோது இடது கண்ணைக் கொடுத்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகும் அவன் கேலியை விடவில்லை. ஆனால் அவன் மனைவி ஒதேசாள் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். கிணற்றடியில் என்னைக் கண்டால் குடத்தைப் பார்ப்பாள். அவள் புருஷன் இரண்டு கண்ணோடு போய் ஒரு கண்ணோடு வந்திருக்கிறான், என் புருஷன் வீட்டில் இருக்கிறார். நான் அவளாக இருந்தால் கல்லை எடுத்து எறிந்திருப்பேன்.

வெட்கம் எனக்கும் இருந்தது. பிரதிஷ்டை பண்ணாத வீட்டில் விருந்து வைக்கக்கூடாது. என் மகனுக்கு எட்டாம் நாள் விருத்தசேதனச் சடங்கு பண்ணின அன்றைக்கு வந்தவர்களுக்கு என் அண்ணன் வீட்டில்தான் சோறு போட்டேன். சொந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறவள் மாதிரி இருந்தேன். இருந்தாலும் பரவாயில்லை, ஆள் உயிரோடு இருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஆறாம் வருஷம் வடக்கத்தியான் ராமாவைப் பிடித்துக்கொண்டான். ராமா எங்களுக்கு ஒரு நடை தூரத்தில் இருக்கிற மேட்டு ஊர். எருசலேமுக்குப் போகிற பாதையின் கழுத்து அது. பாஷா அங்கே கோட்டை கட்ட ஆரம்பித்தான். எங்கள் மாடியில் நின்றால் சுவர் ஏறுவது தெரியும். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்து, "நல்ல வேலைக்காரங்கடி. மூலைக்கல்லு எப்படி உக்காந்திருக்கு பாரு," என்பார். அந்தச் சுவரை என்றைக்காவது நம் ராஜா இடிக்கச் சொல்வார், இடிக்கப் போகிறவன் தலையில் அம்பு விழும் என்று எல்லாருக்கும் தெரியும்.

வாற்கோதுமை அறுப்பு முடிந்த ஒரு காலையில் நான் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். கொம்புச் சத்தம் கேட்டது. அக்போர் இரண்டு சேவகர்களோடு களத்தில் நின்றார். அவர் கத்தினது என் அடுப்படிவரைக்கும் கேட்டது.

"ராஜா கட்டளை! கையும் காலும் உள்ள ஆம்பளை எல்லாரும் ராமாவுக்கு. கடப்பாரை, கயிறு, கழுதை, எது இருக்கோ எல்லாத்தையும் கொண்டு வரணும். உச்சி வெயிலுக்குக் கிளம்பணும். ஒருத்தனுக்கும் விலக்கு கிடையாது!"

நான் மாவுக் கையோடு ஓடினேன்.

"ஐயா, புது வீடு கட்டினவங்களுக்கு?"

"ஏம்மா, காது கேக்கலையா? புது வீடு, பழைய வீடு, மாப்பிள்ளை, கெழவன், யாருக்கும் கிடையாது. பக்கத்து ஊர்ல மணவறையில இருந்தவனையே எழுப்பிக் கூட்டிட்டு வந்திருக்காங்க."

"எதுக்குன்னு சொல்லுங்க ஐயா."

"எனக்கே சொல்லல," என்றார் அக்போர். அவர் பொய் சொல்கிற மாதிரி தெரியவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கடப்பாரை, கயிறு என்றதும் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. கோட்டைச் சுவரை இடிக்கப் போகிறார்கள். மேலே வடக்கத்தியான் வில்லோடு நிற்பான். கீழே நம் ஆட்கள் கடப்பாரையோடு நிற்பார்கள். ஊரில் ஒப்பாரிச் சத்தம் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

நான் அழவில்லை. எனக்கு ஆத்திரம் வந்தது. ஆறு வருஷம் ஊர் சிரிப்பை வாங்கிக்கொண்டு நான் பொத்திப் பொத்தி வைத்த மனுஷனை ஒரு வார்த்தையில் கொண்டுபோகிறார்கள். போகட்டும். ஆனால் இவர் செத்துப்போய், நாளைக்கு எவனோ ஒருவன் வந்து இவர் கட்டின வீட்டில் முதல் ரொட்டியைப் பிட்க நான் விட மாட்டேன்.

வீட்டுக்காரர் கடப்பாரையைத் தேடிக்கொண்டிருந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"மாடிக்கு ஏறுங்க. சுவரை முடிங்க."

"பாரா, என்ன பேசுற? இப்பவா?"

"இப்பதான். வீட்டைப் பிரதிஷ்டை பண்ணிட்டுப் போங்க."

"பண்ணிட்டா அப்புறம் எனக்கு விலக்கே கிடையாதுடி. திரும்பி வந்தா என்ன செய்வ?"

"திரும்பி வாங்க, அப்ப பாத்துக்கலாம். போற உயிருக்கு விலக்கை வச்சு நான் என்ன ஊறுகாயா போடப் போறேன்?"

அவர் மேலே ஏறினார். நான் வாசலில் நின்று ஊரைக் கூப்பிட்டேன். முதலில் வந்தவன் சிம்ராத்தான். "என்ன தங்கச்சி, குமரிக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஒரு கல்லைத் தூக்கி மேலே நீட்டினான். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். சாகப் போகிறோம் என்று நினைத்திருந்த ஆம்பிளைகள் எல்லாரும் வரிசையாக நின்று கைக்குக் கை கல் மாற்றினார்கள். சேறு குழைக்க நேரமில்லை. வெறுங்கல்லாகவே அடுக்கினார். ஆனாலும் என் வீட்டுக்காரர் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு நேர் பார்த்துத்தான் வைத்தார். சாகப் போகிறவருக்குத் தூக்குக்குண்டு எதற்கு என்று நான் திட்டினேன். அவர் காதில் வாங்கவில்லை.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கிடா. அதை வெட்டினோம். ஊர்ப் பெண்கள் எல்லாரும் ஆளுக்கொரு சட்டி கொண்டுவந்தார்கள். கறி பாதிதான் வெந்தது. நிலைக்காலில் எண்ணெய் தடவி, என் வீட்டுக்காரர் ரொட்டியைப் பிட்டார். "இது என் வீடு. வாங்க, சாப்பிடுங்க," என்றார்.

அக்போர் வாசலில் நின்று வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் வேலையா வந்தவன், விருந்துக்கு வரல," என்றார். சிம்ராத் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். அதற்குப் பிறகு அவர் இரண்டு விலா எலும்பைச் சுத்தமாகக் கடித்துவிட்டு, குழம்புக்கும் ரொட்டி கேட்டார். ஒதேசாள் வந்தாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக என் வீட்டுக்குள் வந்து, பிள்ளைகளுக்கு என்று ஒரு கால் முழுசாக எடுத்துக்கொண்டு போனாள். நானே அதை இலையில் சுற்றிக் கொடுத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன். அந்த ஒரு நாழிகை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மனுஷனைச் சாவுக்கு அனுப்புகிற நேரத்தில் சந்தோஷம் வருமா என்று கேட்காதீர்கள். வந்தது. என் வீடு நிறைய ஆள், எல்லார் வாயிலும் என் சோறு. பிறகு கொம்பு ஊதினார்கள், ஆம்பிளைகள் எழுந்து கை துடைத்துக்கொண்டு போனார்கள், நான் எச்சில் சட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று நாள் பகல் முழுக்க மாடியிலேயே இருந்தேன். ராமாப் பக்கம் புழுதி எழும்பியது. புகை இல்லை. யாரும் ஓடி வரவில்லை. சேதியும் இல்லை. எதுவும் தெரியாமல் இருப்பது தெரிந்துகொள்வதைவிட மோசம்.

மூன்றாம் நாள் மத்தியானம் புழுதி எங்கள் பாதைக்குத் திரும்பியது. வடக்கத்தியான் வருகிறான் என்று பெண்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு குகைகளுக்கு ஓடப் பார்த்தார்கள். அப்போது பாட்டுச் சத்தம் கேட்டது. அதுவும் கெட்ட பாட்டு. அறுப்புக் காலத்தில் நம் ஆட்கள் பாடுகிற அதே கெட்ட பாட்டு. முன்னால் சிம்ராத் தோளில் ஒரு செதுக்கின கல்லோடு வந்தான். அவனுக்குப் பின்னால் கழுதையின் இரண்டு பக்கமும் உத்தரத்தைக் கட்டிக்கொண்டு, தலைமுதல் கால்வரை வெள்ளைப் புழுதியாக என் வீட்டுக்காரர் வந்தார்.

நான் பாதையில் ஓடிப்போய் அவர் தலையைத் தடவினேன், கையைத் தடவினேன், முதுகைத் திருப்பிப் பார்த்தேன்.

"எங்க அடிபட்டுச்சு?"

"தோள்பட்டையில. கல்லு சுமந்து."

"போர் என்ன ஆச்சு?"

"போரா? அங்க ஒரு ஈ காக்கா இல்லடி. அடுப்புல பானையை வச்சது வச்சபடி விட்டுட்டு ஓடியிருக்காங்க. நம்ம ராஜா தமஸ்கு ராஜாவைக் கையில போட்டுக்கிட்டு, அவனை விட்டுப் பாஷா நாட்டை வடக்க இருந்து அடிக்க வச்சிருக்காரு. பாஷா வாலைச் சுருட்டிக்கிட்டு ஊரைப் பாத்து ஓடிட்டான். அவன் திரும்பி வர்றதுக்குள்ள கல்லு, மரம் எல்லாத்தையும் அள்ளிட்டு வரணும்னுதான் அத்தனை ஆளையும் கூப்பிட்டிருக்காங்க. இதெல்லாம் நம்ம எல்லையில இருக்கிற கேபாவுக்கும் மிஸ்பாவுக்கும் சுவர் கட்டப் போகுது. அவன் கல்லுல நமக்குக் கோட்டை!"

நான் பாதை நடுவிலேயே உட்கார்ந்து சிரித்தேன். அழுதேன். இரண்டும் சேர்ந்து வந்தது. உடம்பிலிருந்து ஆறு வருஷத்துப் பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது. எழுந்து நின்றேன்.

"ஐயோ! அப்ப வீட்டைப் பிரதிஷ்டை பண்ணினது?"

அவர் கழுதையின் காதைச் சொறிந்தார்.

"கல்லு தூக்கவா விலக்கைத் தொலைச்சோம்? கல்லு தூக்கவா கிடாவை வெட்டினோம்?"

சிம்ராத்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது. கல்லைக் கீழே போட்டுவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "தங்கச்சி, நீ சொல்லியிருந்தா நாங்க கறியைத் தொட்டிருக்கவே மாட்டோம்," என்றான். அவன்தான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டவன்.

அதற்குப் பிறகு கோடை முழுக்க என் வீட்டுக்காரர் கேபாவில் சுவர் வேலைக்குப் போய்வந்தார். மாலையில் வந்தால் நேரே மாடிக்கு ஏறுவார். தானே அடுக்கின அந்த மூன்று முழத்தில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். சேறு வைத்துப் பூசியும் விட்டார். ஆள் நிமிர்ந்து நடந்தார். எனக்கு அதைப் பார்க்க ஆசையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

முதல் மழை விழுந்து விதைப்பு முடிந்ததும் மறுபடி கொம்பு ஊதினார்கள். பாஷா திரும்பி வரலாம், கேபாவில் காவலுக்கு ஆள் வேண்டும். இந்தத் தடவை ஈட்டியோடு வரச் சொன்னார்கள். வழக்கமான விலக்குகள் உண்டு என்றும் சொன்னார்கள். அந்த வழக்கமான விலக்கு இப்போது எங்களுக்கு இல்லை.

கிளம்பும்போது அவர் சொன்னார், "பாரா, நான் வரிசையிலதான் நிப்பேன். பொய் சொல்லச் சொல்லாத."

"நான் ஒண்ணும் சொல்லல," என்றேன்.

களத்தில் ஆம்பிளைகள் வரிசையாக நின்றார்கள். பெண்கள் ஓரமாக நின்றோம். அக்போர் அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்டார்.

"புது வீடு கட்டி இன்னும் பிரதிஷ்டை பண்ணாதவன் எவன் இருக்கான்?"

யாரும் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் நேரே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சாபாத் நின்ற நிலை ஞாபகம் வந்தது.

"ஐயா, இங்க ஒருத்தன் இருக்கான்," என்றான் சிம்ராத்.

"யாரு?"

"இதோ, எல்பால். இவன் வீடு எந்தக் காலத்துல முடிஞ்சுது?"

என் வீட்டுக்காரர் அவனைப் பார்த்தார். "சும்மா இரு சிம்ராத். நான்தான் அன்னைக்கே ஊருக்கெல்லாம்…"

சிம்ராத் அவர் காலை நன்றாக மிதித்தான். "அன்னைக்கா? என்னைக்கு? டேய், இவன் வீட்டுல எவனாவது சாப்பிட்டீங்களா?"

எல்லாரும் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு குயவன், "நான் சாப்பிடல," என்றான். எண்ணெய்ச் செக்குக்காரன், "எனக்குக் கடைவாய்ப் பல்லே இல்ல, நான் எங்க கறி திங்க?" என்றான். வரிசை முழுக்க ஒவ்வொருவனாகச் சாப்பிடவில்லை, சாப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டு போனார்கள். எல்லாரும் ஈட்டியோடு போகப் போகிறவர்கள்.

என் பக்கத்தில் நின்ற ஒதேசாள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உரக்கச் சொன்னாள். "அந்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணிகூட நான் குடிச்சதில்லை." சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமலே என் கையைப் பிடித்தாள்.

இப்போது எல்லார் கண்ணும் அக்போர்மேல் விழுந்தது. அவர் சாப்பிட்டது எல்லாருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். களத்தில் நின்றாலே எங்கள் மாடி தெரியும், முழுசாகப் பூசின கைப்பிடிச்சுவரோடு. அவர் ஒரு தடவை அதைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி அதற்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"கிடாக்கறி தின்னிருந்தா எனக்கு மறக்காது," என்றார். "நான் தின்னல. எல்பால், வெளிய வா."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருஷம் நான் தனி ஆளாக நின்று அவரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன் என்று நினைத்திருந்தேன். ஊருக்கு எல்லாம் தெரியும். சட்டம் என்ன சொல்கிறது, நான் என்ன செய்கிறேன், ஏன் செய்கிறேன், எல்லாம் தெரிந்துதான் என்னை விட்டு வைத்திருந்தார்கள். சாபாத்தை அவர்களும்தான் பறிகொடுத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் வரிசையைவிட்டு வெளியே வந்து என் பக்கத்தில் நின்றார். தலையைத் தொங்கப் போடவில்லை. சிம்ராத்தையும் மற்றவர்களையும் பார்த்தார். பிறகு அக்போரிடம் கேட்டார்.

"ஐயா, கேபாவுல தெக்கு மூலையில சுவர் பாதியில நிக்குது. மழையில கரைஞ்சா இவங்க தலையிலதான் விழும். ஈட்டி வேண்டாம். அதை மட்டும் கட்டிட்டு வந்துடட்டுமா?"

"இழுத்துட்டுப் போறவன் பேரைத்தான் நான் எழுதணும்," என்றார் அக்போர். "தானா வர்றவனைப் பத்தி எனக்கு என்ன? வந்தா வா."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒதேசாளின் கையை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினேன். சுத்தியல், தூக்குக்குண்டு, காலையில் சுட்ட ரொட்டி நாலு, எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டிக் கொண்டுவந்து அவர் தோளில் மாட்டினேன்.

"பாதியில விட்டுட்டு வராதீங்க," என்றேன். "முழுசா முடிச்சிட்டு வாங்க."

வரிசையில் நின்ற பதினாலு பேரும், பதினைந்தாவதாக என் வீட்டுக்காரரும், கேபாப் பாதையில் இறங்கிப் போனார்கள்.